இடி இடித்தால்தான் புற்றுக்காளான் முளைக்குமா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு ஓரத்தில் உள்ள கரையான் புற்றைச் சுற்றி ஐப்பசியில் புற்றுக்காளான் முளைக்கும். இந்த முறை சாரல் பெய்தும் வரவில்லை. இடி இடிக்காததுதான் காரணம் என்கிறார் என் மாமனார். புற்றை வெட்டிவிடலாமா? அந்தக் காளானைக் குடிலில் வளர்க்க முடியுமா?
- தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: புற்றை வெட்டாதீர்கள். உங்கள் காளான் அதற்குள்தான் இருக்கிறது.

கரையான்கள் சருகையும் மரத்துகளையும் மென்று, பஞ்சு போன்ற கூடுகளைக் கட்டி, அவற்றில் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. உடைந்த புற்றில் அந்தக் கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடுகளவு வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். அவை கரையானின் உணவு. மழை ஆழமாக இறங்கி மண் ஊறியதும் அதே பூஞ்சை நீண்ட தண்டு விட்டு, கூர்முனைக் குடையால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. சாரல் மேல்மண்ணோடு நின்றுவிடும். இடியோடு வரும் கனமழைதான் உள்ளே இறங்கும். மாமனார் கவனித்த நேரம் மிகச் சரி. வேலையைச் செய்வது மழை.

இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளான் இடியால் பிறக்கிறது என்று பண்டைய கிரேக்கர்கள் நம்பினார்கள். அது ஏன் என்று கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார். அரேபியப் பாலைவன மக்களும் அப்படியே சொல்வார்கள். ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தில் ஷீட்டேக் காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத்தைக் கணநேரம் பாய்ச்சியபோது விளைச்சல் கூடியது. ஆகவே பெரியவர்களின் பேச்சைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் புற்றுக்காளானுக்கு இடியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

குடிலில் இது வராது. கரையான் இல்லாமல் வணிக முறையில் வளர்க்க இன்னும் வழியில்லை. வருமானம் வேண்டுமானால் பால்காளான் போடுங்கள். 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் நன்றாக விளையும்.

வளர்ந்த தென்னைக்குக் கரையானால் பெரிய சேதம் இல்லை. புற்றுக்கு அருகே இளங்கன்று நட்டிருந்தால் மட்டும் கவனம் தேவை. அடிமரம் ஏறும் கரையானுக்கு 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை 2 மீட்டர் உயரம் வரை பூசுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதே மழையில் தோப்புகளில் முளைக்கும் ஒரு வெள்ளைக் குடைக்காளான் கடும் வாந்தி, பேதி உண்டாக்கும். முற்றியதும் அதன் அடிமடிப்புகள் பச்சையாகும். மொட்டில் அது தெரியாது. புற்றிலிருந்து வந்ததுதானா என்று தண்டை அடிவரை தோண்டிப் பாருங்கள். சிறு சந்தேகம் இருந்தாலும் சமைக்க வேண்டாம்.