மாடியில் எறும்பு மொய்த்தது ஏன்?

கேள்வி: எங்கள் பொமரேனியன் ரோசிக்கு ஒன்பது வயது. இரண்டு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வைக்கக் காலியானது. ராத்திரியில் கூடத்திலேயே சிறுநீர் போய்விடுவாள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். மாடியில் அவள் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை மாமியார்தான் பார்த்துச் சொன்னார். டாக்டரிடம் போனோம், சர்க்கரை 412. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடச் சொல்கிறார். ஊசி என்றாலே எனக்குப் பயம். மாமனாரின் மெட்ஃபார்மின் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? சாதத்தை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ரத்தப் பரிசோதனைக்கு முன்பே நோயைப் பிடித்துவிட்ட உங்கள் மாமியாருக்கு ஒரு வணக்கம். நாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 200-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். கூடம் நனைந்தது அதனால்தான். ரோசியைத் திட்டியிருந்தால் சமாதானம் சொல்லிவிடுங்கள், பிஸ்கட் கொடுக்காமல்!

மாத்திரை வேண்டாம். மாமனாருக்கு இன்சுலின் சுரந்தும் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதற்குத்தான் அந்த மாத்திரை. நாய்களுக்குப் பெரும்பாலும் கணையத்தில் சுரப்பே வற்றிப்போயிருக்கும். ஊசிதான் வழி. 1921-இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றை முதலில் போட்டுப் பார்த்ததே கணையம் நீக்கிய நாய்களுக்குத்தான். அந்த வகையில் மாமனார் தலைமுறையே ரோசி இனத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

ஊசியைவிட சிரிஞ்சின் மூடியைப் பார்த்துப் பயப்படுங்கள். இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட்டிலும் வரும், 100 யூனிட்டிலும் வரும். முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு. மாறிப்போனால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். என் லாப்ரடாருக்கும் சர்க்கரை இருந்தது. ஒரு காலை அவசரத்தில் 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டேன். மருந்து குறைந்துதான் போனது, பிழைத்தோம். இத்தனைக்கும் நான் கால்நடை மருத்துவன்!

குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. இரண்டு ஊசிக்கும் நடுவே 12 மணி நேரம். சாப்பிட மறுத்தால் வழக்கமான அளவைப் போட்டுவிடாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை சரிந்திருக்கலாம்: ஈறில் தேன் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். சாதத்தை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். மருந்தின் அளவே அவள் சாப்பாட்டை வைத்துத்தான் முடிவாகிறது. தினமும் அதே அளவு, அதே நேரம் என்பதுதான் முக்கியம். மாமனாரின் சுகர்-ஃப்ரீ மிட்டாயும் கூடாது. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

கண்ணில் புரை விழ வாய்ப்பு அதிகம், பல நாய்களுக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே. அப்படி விழுந்தால் சோபாவை இடம் மாற்றாதீர்கள், மோப்பத்திலேயே வீட்டைச் சுற்றி வருவாள்.

ஊசிப் பயத்துக்கு ஒரு சாத்துக்குடி வாங்குங்கள். வெறும் தண்ணீரை ஏற்றிப் பத்து முறை குத்திப் பழகினால் கை நடுக்கம் போய்விடும்.

ரோசிக்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால், ஒவ்வொரு சினைப்பருவத்துக்குப் பிறகும் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. அறுவை சிகிச்சையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.