முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைச்சிருக்கு. நவம்பர்ல சேரணும். வாடகை போகச் சம்பளம் தாங்குமா? இங்கிலீஷை வெச்சே சமாளிக்கலாமா? நம்ம சாப்பாடு கிடைக்குமா? குக்கர் கொண்டு வரணுமா? குளிர் எப்படி?"

தம்பி, குக்கர் கொண்டு வாருங்கள். அடிப்பாகம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒத்துவருமா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். சாப்பாடு கிடைக்கும். ஈழத்தவர் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து இடியாப்ப மாவு வரை இருக்கும். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தொண்டையில் இறங்காது. ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் விற்கும் ஜெர்கின் பைக் ஓட்டத்தான் ஆகும். சம்பளம் எவ்வளவு என்றே சொல்லாமல் தாங்குமா என்று கேட்டால் எப்படி?

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே, சூட்கேஸைப் பிரிப்பதற்கு முன்னால், கீழே வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். காலிங் பெல்லிலும் ஒட்டுங்கள். நண்பர்கள் கூப்பிடும் பெயர் வேண்டாம், இனிஷியல் போட்ட பெயரும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அது.

ஏன் என்றால், இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. முகவரி என்றால் தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். உள்ளே எட்டுக் குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் நீங்கள் அந்த வீட்டில் இல்லை. மாடியில் உங்கள் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் இல்லை.

நானும் நவம்பரில்தான் வந்தேன், 2013-ல். கம்பெனி கொடுத்த மூன்று வார அறை முடிந்து ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஷ்டட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குக் குடிபோனேன். சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயும் நாலு பிளக் பாயிண்டும்தான் இருந்தன. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த நாட்டில் இது சகஜம். சமையலறை உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஒற்றை மின்சார அடுப்பைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து உப்புமா கிண்டினேன். பாத்திரம் கழுவியது குளியலறையில். ஆறு மாதம் அப்படித்தான் ஓடியது.

பெயர் ஒட்டாத முட்டாள் இல்லை நான். நோட்டுத் தாளைக் கிழித்து, இனிஷியலோடு என் பெயரை எழுதி, செலோடேப் போட்டு ஒட்டினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே எழுதிப் பழக்கம். ஆனால் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் இருந்தது அப்பா பெயர். ஜெர்மன்காரர்களுக்கு அதுதான் நான். வங்கி, இன்ஷூரன்ஸ், வரி அலுவலகம் எல்லாரும் 'ஹெர்' (நம்ம 'திரு') போட்டு அப்பா பெயருக்கே கடிதம் எழுதினார்கள். தபால்காரர் அப்பாவைத் தேடினார். அப்பாவோ க. பரமத்தி பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே உங்கள் வாழ்க்கையே உறைக்குள் போட்டுத்தான் வரும், தம்பி. வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய 'பின்' நம்பர் தனியாக இன்னொன்றில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடியிருப்பு அட்டைக்கான 'பின்' நம்பர் கடிதம், பதினொரு இலக்க வரி எண், எல்லாமே தபால். குடிவந்த இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளோடு நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பார்கள். அதைச் செய்தவுடன்தான் இந்தக் கடித ஊற்று திறக்கும். எனக்கும் திறந்தது. ஆனால் ஒவ்வொன்றும் "இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை" என்ற ஸ்டிக்கரோடு வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

பெட்டி காலியாக இருப்பது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஊரில் தபால் என்றால் எல்.ஐ.சி. நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்தானே. டிசம்பர் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி போயிருந்தது. வரி எண் கொடுக்காததால் என்னை ஆறாவது வரி வகுப்பில், அதாவது பிடித்தம் அதிகமான வகுப்பில், போட்டிருந்தார்கள். கூடப் பிடித்தது பிறகு திரும்பி வந்தது, அது வேறு. அந்த மாதம் ஊருக்கு அனுப்பப் பணமில்லாமல் "இங்கே முதல் மாதம் இப்படித்தான்" என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தரைத்தளத்துப் பாட்டி. அதற்கும் ஒரு அபத்தமான காரணம் உண்டு. என் கதவுக் குமிழில் ஒருநாள் சின்ன அட்டை ஒன்று தொங்கியது. கயிறு கட்டி, அழகான எழுத்தில். கிறிஸ்துமஸ் சமயம், அக்கம்பக்கத்தார் தோரணம் மாதிரி ஏதோ மாட்டியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன். போட்டோ எடுத்து ஊருக்கும் அனுப்பினேன். அது 'கேர்வோஹெ' அட்டை. இந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டியது உன் முறை என்று அர்த்தம். முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். இந்தப் பக்கத்து மக்களான ஷ்வாபியர்கள் சொந்த மதமாகவே கடைப்பிடிக்கிற வழக்கம் இது. நான் மூன்று வாரம் அதைத் தோரணமாக வைத்திருந்தேன். கட்டடமே மூன்று வாரம் தூசியோடு என்னைச் சபித்திருக்கிறது.

பாட்டி மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். கையில் துடைப்பம், நிஜமாகவே. எனக்கு ஜெர்மன் வராது, அவருக்கு இங்கிலீஷ் வராது. படிக்கட்டைக் காட்டினார், அட்டையைக் காட்டினார், துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். நான் பெருக்க, அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று மூலையைச் சுட்டிக் காட்டினார். முடிந்ததும் பெயர் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். சர்நேமைப் படித்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இரண்டு மாதமாகத் தபால்காரர் அந்தப் பெயரில் யாராவது உண்டா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அவரும் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். அப்போதே கீழே கூட்டிப் போய், என் நோட்டுத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஜாம் பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிளில் அப்பா பெயரைக் கட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்.

மறு வாரம் கடிதங்கள் மழையாகக் கொட்டின. அத்தனையும் ஜெர்மன். இங்கேதான் இரண்டாவது தப்பு. வங்கிக் கடிதம், அட்டை இருக்கிற உறை, இவற்றை மட்டும் தடவிப் பார்த்துப் பிரித்துவிட்டு, மற்றதை மேசை டிராயரில் போட்டேன். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. எந்தச் சனிக்கிழமை என்று நான் முடிவு செய்யவில்லை.

மே மாதம் மஞ்சள் உறை வந்தது. மஞ்சள் உறையைப் பார்த்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்துவிடுங்கள், தம்பி. அது நீதிமன்றம் அல்லது அரசு அலுவலகம் அனுப்புவது. பெட்டியில் போடும்போதே தபால்காரர் உறையின் மேல் தேதி எழுதிவிடுவார். அந்தத் தேதியிலிருந்து கெடு ஓடும். எனக்கு வந்தது கரண்ட் பில். வாடகையிலேயே வெந்நீரும் ஹீட்டரும் சேர்ந்திருந்ததால் மின்சாரமும் அதில்தான் என்று நினைத்துவிட்டேன். குடிபோன அன்றே விளக்கு எரிந்ததே! யாரோ கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். முதலில் நினைவூட்டல், பிறகு 'மானுங்' என்ற எச்சரிக்கை, பிறகு 'இன்காசோ' என்ற வசூல் கம்பெனி, கடைசியில் நீதிமன்றத்தின் வழியாகப் பணம் கேட்கும் தாள். முதல் மூன்றும் என் டிராயரில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் "நட்பான வணக்கங்களுடன்" என்றுதான் முடித்திருப்பார்கள். மிரட்டும்போதும் மரியாதை குறையாது.

அதை எடுத்துக்கொண்டு ஓடியது நான் காய்கறி வாங்குகிற கடைக்கு. கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். 83 கலவரத்துக்குப் பின் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். யாருக்கோ பாகற்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நான் உறையைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடப் போனேன்.

"உறையை எறியாதையும் தம்பி. திகதி அதிலதான் இருக்கு." காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். "ரெண்டு கிழமை, பதினாலு நாள் தவணை. அஞ்சு நாள்தான் மிச்சம். இஞ்சை கடிதத்தைத் திறக்காமல் வைச்சா அது குட்டி போடும்."

போட்டிருந்தது. அறுபத்துச் சொச்சம் யூரோ, இருநூற்றைத் தாண்டியிருந்தது. கட்டினேன்.

இதைச் சொல்லும்போது நம் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஐ.டி.யில் வந்தவர்கள் ஈழத்தமிழர்களைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு தினுசான இறக்கம் வரும். "அவங்க அகதியா வந்தவங்க, நாம ப்ளூ கார்டு" (படித்த வேலைக்காரர்களுக்கான விசா) என்கிற தோரணை. அந்த அண்ணன் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே சட்ட ஜெர்மன் படிக்கக் கற்றவர். நம்மவர் பத்து வருடம் இருந்துவிட்டு, அபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டில் தண்ணீர் நிறுத்தம் என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் தலையில் ஷாம்புவோடு நிற்பார். ஹாம் நகரத்தில் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில் கட்டி 2002-ல் குடமுழுக்கு செய்தவர்களும் அவர்கள்தான். தேருக்குப் போய் நாம் செல்ஃபி எடுத்து வருகிறோம்.

அதனால் இங்கிலீஷ் போதுமா என்ற கேள்விக்கு: அலுவலகத்தில் போதும். தபால் பெட்டிக்குப் போதாது. அந்த மஞ்சள் உறைக்குப் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பில்லில் தப்பிருந்தால் நானே ஜெர்மனில் ஆட்சேபம் எழுதி, நட்பான வணக்கங்களுடன் முடிக்கிறேன். உங்களுக்குப் போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்பு வந்துவிடும், கொடுத்துவைத்தவர்கள். ஆனாலும் உறையைத் திறந்தால்தானே காட்ட முடியும்?

வாட்ஸ்அப் குழு யோசனைகளை நம்பாதீர்கள். ஆன்மெல்டுங் முடிந்த கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். "டிவி இல்லேன்னு எழுதிப் போடு ப்ரோ" என்று ஒருவர் சொல்லுவார். 2013-லிருந்து அது டிவிக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீட்டுக்கு ஒன்று, ஆகஸ்ட் 2021 முதல் மாதம் 18.36 யூரோ. நான் ஒரு நாளும் பார்க்காத சேனலுக்கு இத்தனை வருடம் கொடுத்து வருகிறேன், எனக்கும் எரிச்சல்தான். எரிச்சலோடு கட்டிவிடுங்கள். ஒரே வீட்டை நாலு பேர் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும், அதையாவது பயன்படுத்துங்கள்.

டாரண்டைத் தொடவே தொடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் பொங்கலுக்கு வந்த படத்தை அறையில் உட்கார்ந்து இறக்கினான். சில வாரம் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து தடித்த கடிதம் வந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிமிடம் என்று போட்டுப் பல நூறு யூரோ கேட்டிருந்தார்கள், இனி செய்யமாட்டேன் என்று எழுதியும் தரச் சொன்னார்கள். அந்தப் படம் நன்றாகவும் இல்லை.

ஜிம், போன் ஒப்பந்தம் எல்லாம் இரண்டு வருடத்துக்குக் கட்டிப்போடும். முன்பு, விலகுகிறேன் என்று நேரத்தோடு எழுதாவிட்டால் இன்னொரு வருடம் தானாக நீளும். 2022 மார்ச்சுக்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில் அந்த அநியாயம் குறைந்திருக்கிறது. நான் ஜிம்முக்குப் போனது ஒன்பது நாள், கட்டியது மூன்று வருடம். மேலே பேச விருப்பமில்லை.

அப்பா 2018 கோடையில் வந்தார். விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். வாசலில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பெல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கிலீஷில் தன் பெயர் அவருக்குப் படிக்க வரும்.

"ஏங்கண்ணு, என்ற பேருல கடன்கிடன் வாங்கி வெச்சிருக்கறயா?"

விளக்கிச் சொன்னேன். முழுசாக நம்பினாரா தெரியாது. பெல்லை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். தரைத்தளத்துப் பாட்டி வெளியே வந்து, நான் அறிமுகப்படுத்துவதற்கு முன்பே 'ஹெர்' சேர்த்து அவர் பெயரைச் சொல்லிக் கை குலுக்கினார். நாலரை வருடம் என்னை அழைத்த பெயர்தானே, பழகிப்போயிருந்தது. இருந்த மூன்று மாதமும் பெட்டியைத் திறந்து எடுத்து வருவது அப்பா வேலையானது. சாயங்காலம் நான் வந்ததும், "எனக்கு இன்னைக்கு மூணு தபாலு" என்று மேசையில் அடுக்கி வைத்திருப்பார். கேர்வோஹெவும் அவர்தான் செய்தார். களம் கூட்டுகிற மாதிரி தண்ணீர் தெளித்துப் பெருக்கினார், பாட்டி அசந்துபோனார். இப்போதும் போனில், மழை உண்டா என்று கேட்டு முடித்ததும், "எனக்கு ஏதாச்சும் தபாலு வந்துச்சா?" என்பார்.

அப்புறம் தம்பி, குக்கருக்கு இரண்டு கேஸ்கட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அளவு தேடி அலைய வேண்டியிருக்கும்.