ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு வெடிப்பு: வாசகர் கேள்விகள்

ஜிஎஸ்என் 069 என்ற கேலக்ஸியின் மையத்துக் கருந்துளையருகே எக்ஸ் கதிர் திரும்பத் திரும்ப வெடிக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்கிறீர்கள். அப்புறம் எக்ஸ் கதிர் எப்படி வருகிறது?

உள்ளேயிருந்து வரவில்லை. வெளியே சுற்றும் வாயுத் தட்டிலிருந்து வருகிறது. எத்தனை தடவை எழுதுவது!

கே: ஜிஎஸ்என் 069 அடுத்து எப்போது வெடிக்கும்?

இது பஸ் கால அட்டவணை இல்லை. 2018 டிசம்பர் 24 அன்று எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி பார்த்தபோது சுமார் 9 மணி நேரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இடைவெளி கூடும், குறையும். நடுவில் நின்றுபோய்த் திரும்பவும் வந்தது.

கே: வெடிப்பின் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை, இல்லவே இல்லை. ஆரஞ்சுச் சுழலும் நடுவில் கறுப்பு வட்டமும் ஓவியர் வரைந்தவை. என் கட்டுரை ஒன்றுக்கே ஒரு பத்திரிகை இப்படி ஓவியத்தைப் போட்டு, ‘ஓவியம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டது. ஆறு மாதம் விளக்கம் சொன்னேன். இதுவரை கருந்துளையின் நிழல், அதாவது சுற்றியுள்ள ஒளியின் நடுவே தெரியும் கறுப்பு வட்டம், படமாகியிருப்பது எம்87 கேலக்ஸி, நம் பால்வழி ஆகிய இரண்டின் மையத்தில்தான். அதற்கே உலகெங்கும் ரேடியோ தொலைநோக்கிகளைக் கோக்க வேண்டியிருந்தது. ஜிஎஸ்என் 069 இருப்பது 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில். கருந்துளையின் நிறை வெறும் 4 லட்சம் சூரியன்கள். அதன் நிழல் எம்87-இன் நிழலைவிடப் பல பத்தாயிரம் மடங்கு சின்னது. சந்திரா தொலைநோக்கிக்கே அது ஒரு புள்ளி. புள்ளி பளிச்சிடும், மங்கும், அவ்வளவுதான். அந்த ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு வரைந்த ஒளிவளைவில் வெடிப்புகள் சீப்புப் பல் போல நிற்கும். படத்தை விடுங்கள், ஒளிவளைவைப் பாருங்கள்.

கே: ஏன் திரும்பத் திரும்ப வெடிக்கிறது?

முடிவாகவில்லை. ஒரு விண்மீனோ சிறு கருந்துளையோ சுற்றுக்கு இருமுறை தட்டைத் துளைத்துக் கடக்கிறது, அப்போது சூடான வாயு பீறிடுகிறது என்பது பலர் சாய்கிற கருத்து. ஏடி2019கியூஐஇசட் இதற்குத் தோதான சாட்சி: 2019-இல் ஒரு விண்மீனைக் கிழித்த கருந்துளை, பிறகு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வெடித்தது. அதைப் பார்த்தவற்றில் நம் நாட்டு விண்தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டும் உண்டு.

கே: நாலைந்து நாளுக்கு ஒருமுறை வெடிக்கிற கேலக்ஸி, பெயர் மறந்துவிட்டது. அதுவும் இதே கதைதானா?

பெயரையாவது பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? அன்ஸ்கியைச் சொல்கிறீர்கள். கன்னி விண்மீன் குழுவில், 30 கோடி ஒளியாண்டு. 2019 கடைசியில் அதன் கருந்துளை விழித்தது, 2024 பிப்ரவரியில் எக்ஸ் கதிரில் வெடிக்கத் தொடங்கியது, சுமார் 4.5 நாளுக்கு ஒன்று. ஆனால் அங்கே விண்மீன் கிழிந்ததற்குத் தடயம் இல்லை. வெடிப்பும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு நீளம். ஒளிவளைவைப் பார்த்திருந்தால் ‘இதே கதை’ என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

கே: மொட்டைமாடித் தொலைநோக்கியில் தெரியுமா?

தெரியாது. எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடும்.