பரோல் மனுவில் எந்த ஊர் முகவரி கொடுத்தீர்கள்?

கேள்வி: வரப்புத் தகராறில் பங்காளி ஒருவர் இறந்த வழக்கில் என் கணவர் ஆயுள் கைதியாக ஆறு வருடமாகத் தொரப்பாடி சிறையில் இருக்கிறார். அப்பீலும் தோற்றுவிட்டது. தை மாதம் மகள் கல்யாணம். ‘ஊரில் அமைதி கெடும்’ என்று லீவு (பரோல்) மனுவைத் தள்ளிவிட்டார்கள். எதிர்த்தரப்பு போலீஸைக் கையில் போட்டுக்கொண்டது. சிறையில் அவருக்கு நல்ல பெயர். நியாயம் கிடைக்குமா? (குடியாத்தம் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே வரி. லீவில் வந்து தங்கச் சொந்த ஊர் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். இறந்தவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி! போலீஸ் ரிப்போர்ட் வேறெப்படி வரும்?

இன்ஸ்பெக்டர் யார் பக்கம் என்பதை விடுங்கள். அதை நிரூபிப்பதற்குள் தை போய் மாசி வந்துவிடும். நன்னடத்தையை யாரும் மறுக்கவில்லை. பொது அமைதிக்கு ஆபத்து என்று கருதப்படும் கைதிக்கு, 1982ஆம் வருடத்துத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சாதாரண விடுப்பு கிடையாது. அந்த ஆபத்து அவரால் இல்லை, அந்த ஊரால்தான் என்று காட்டுங்கள். 2019இல் ராஜீவ் கொலை வழக்கு நளினி, தன் மகள் திருமண ஏற்பாட்டுக்காக வேலூர் சிறையிலிருந்து வந்தபோது சத்துவாச்சாரியில்தான் தங்கினார். உங்கள் அண்ணன் ஆரணியில் இருக்கிறார் என்கிறீர்கள். அந்த முகவரியைப் போட்டு, மண்டபத்தையும் அங்கேயே பிடித்துப் புது மனு கொடுங்கள். நாள் நெருங்கிவிட்டால் மகள் கல்யாணத்துக்கு அவசர விடுப்பு உண்டு. மறுத்தால் ஹைகோர்ட்.

லீவு கிடைத்த பிறகுதான் எனக்கு பயமே. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் வெளியூரில் தங்கும் நிபந்தனையோடு வந்தார். மச்சான்கள் மண்டப வாசலில் அவர் படம் போட்டுப் பத்தடி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். குலசாமிக்குப் பத்திரிகை வைக்க ராத்திரி பைக்கில் ஊருக்குள் போய் வந்தார், அரை மணி நேரம்தான். கூடப் போன பையன் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். காலையில் அந்த ஸ்கிரீன்ஷாட் எஸ்.பி. ஆபீஸ் மேசையில் இருந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவர் உள்ளே. நிபந்தனையை மீறி விடுப்பு ரத்தானால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். அடுத்த லீவு, முன்விடுதலை எல்லாவற்றிலும் அது கூடவே வரும். இன்னொன்று: பரோலில் இருந்த நாட்களை முன்விடுதலைக்கு உள்ளே இருந்திருக்க வேண்டிய 14 வருடக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2023இல் ஒரு கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேவைக்கு மேல் லீவை நீட்டிக் கேட்காதீர்கள்.

அப்புறம் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த வரப்பு சிவில் வழக்கு. கொலை வழக்கில் ராஜி செல்லாது, சிவில் வழக்கில் செல்லும். ஒன்றரை சென்ட்தானே, லோக் அதாலத்தில் விட்டுக்கொடுத்துவிடுங்கள். இறந்தவர் மனைவி ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் ரிப்போர்ட்டின் தொனியே மாறும். அதைக் கேட்க நீங்களோ உங்கள் தம்பிகளோ அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். மிரட்டியதாக ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் ஆரணி முகவரியும் உதவாது. வக்கீல் மூலமாகப் பேசுங்கள்.