கரித்துணி முதல் முளைகட்டும் பை வரை: சமையலறைத் தையல் கேள்வி பதில்

கரூரில் ஏற்றுமதிக்குப் போகும் ஏப்ரன், கையுறை, மேசைத்துணி எல்லாம் தைக்கும் இடத்தில் ஒன்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தவள் நான். இப்போது வீட்டில் இருந்தபடி தைக்கிறேன். சமையலறைக்குத் தைப்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஜாக்கெட் கழுத்து பற்றிக் கேட்ட நான்கு பேரைத் தவிர மற்றவர்களுக்கு இங்கே பதில்.

அக்கா, வீடியோ பார்த்து ஒரு கரித்துணி தைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் குக்கரைப் பிடித்தால் கை சுடுகிறது. உள்ளே பழைய நைட்டித் துணியை நான்கு மடிப்பு வைத்தேன். போதாதா?

நான்கு மடிப்பா எட்டு மடிப்பா என்பதைவிட என்ன துணி என்பதுதான் கேள்வி. கையைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. நைட்டித் துணி தட்டையானது, அழுத்திப் பிடித்ததும் காற்று வெளியே போய்விடும். பழைய டர்க்கி டவல் இருந்தால் அதை இரண்டு அடுக்கு உள்ளே வையுங்கள். அதில் இருக்கும் சுருள் நூல்தான் காற்றைப் பிடித்து வைக்கும். மேலும் கீழும் பருத்தித் துணி ஒவ்வொன்று. நெருக்கி நெருக்கித் தைக்காதீர்கள், அதுவும் காற்றை நசுக்கிவிடும். இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்காகக் கோடு ஓட்டினால் போதும்.

இன்னொன்று, உங்கள் நைட்டி சுத்தப் பருத்திதானா? எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. கல்யாணமான புதிதில் பளபளவென்று இருந்த ஒரு கலப்புத் துணியில் பிடிதுணி தைத்து, தோசைக்கல்லை இறக்கினேன். துணி கல்லோடு ஒட்டிக்கொண்டது. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு முன்பே இளக ஆரம்பிக்கும். பருத்தி உருகாது, கருகும். கருகினால் வாடை வரும், கையை எடுத்துவிடலாம். உருகினது தோலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். சந்தேகம் என்றால் ஓரத்தில் நான்கு நூல் உருவி, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலானால் பருத்தி. நுனியில் கெட்டியாக மணி மாதிரி திரண்டால் கலப்பு, அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரமான கரித்துணியால் எதையும் பிடிக்காதீர்கள், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மேடை துடைக்க ஒன்று, பிடிக்க ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது அதனால்தான். நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே துணிதான் ஓடுகிறது.

பழைய பட்டுப்புடவை முந்தானையில் மைக்ரோவேவுக்குக் கையுறை தைக்கலாமா?

சூடான பாத்திரத்தை வெளியே எடுக்க என்றால் தைக்கலாம், பட்டு பாலியஸ்டர் மாதிரி உருகாது. ஆனால் ஜரிகை உள்ள துணி தவறியும் மைக்ரோவேவுக்குள் போய்விடக் கூடாது. உலோகம், பொறி பறக்கும். முந்தானை என்றாலே ஜரிகைதானே. அதை வெட்டாமல் வேறு ஏதாவது செய்யுங்கள் என்பது என் ஆசை.

பழைய ஜீன்ஸ் பேண்டில் பிடிதுணி தைக்கிறேன். ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. சாதாரணக் கால் மெஷின்.

எத்தனையாம் நம்பர் ஊசி என்று சொல்லவில்லையே. ஜாக்கெட் தைத்த 14-ஆம் நம்பர் ஊசி அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். 16 போடுங்கள், மடிப்பு அதிகமென்றால் 18. தையலைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஜீன்ஸில் இரட்டைத் தையல் மேடாக இருக்கும் இடம் வந்ததும் பெடலிலிருந்து உங்கள் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடந்து போங்கள். அங்கே துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் கால் சாய்ந்து நிற்கும், அதில்தான் ஊசி வளைந்து தட்டில் இடிக்கிறது. அந்தக் கால் மேட்டில் ஏறும்போது அதன் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்தால் சமமாகிவிடும்.

துணியை வெளியே இழுக்கவே இழுக்காதீர்கள். பாதி ஊசி அதில்தான் உடைகிறது.

இட்லித் துணிக்குக் கடையில் வாங்கினால் இரண்டு மாதத்தில் கிழிகிறது. வீட்டில் தைத்துக்கொள்ள என்ன துணி, என்ன அளவு வேண்டும் அம்மா?

பழைய வெள்ளை வேட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. நூறு முறை துவைத்து இளகின நூல், கஞ்சியும் இருக்காது. கரையை வெட்டித் தள்ளிவிடுங்கள், சாயம் இட்லியில் ஏறும். புதுத் துணிதான் இருக்கிறது என்றால் மெல்லிய மல் துணி வாங்கி, இரண்டு முறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசிக் கஞ்சியை எடுத்த பிறகே வெட்டுங்கள். புதுப் பருத்தி முதல் துவைப்பில் மீட்டருக்கு மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் சுருங்கும், காடா துணி இன்னும் அதிகம். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு துவைத்தால் தட்டுக்கு எட்டாது.

தட்டைத் துணிமேல் கவிழ்த்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக வட்டம் போடுங்கள். ஓரத்தை அப்படியே விடும் பழக்கம் உண்டு. நூல் பிரிந்து இட்லிக்குள் வரும், எனக்குப் பிடிக்காது. கால் அங்குலம் இரண்டு மடிப்பாக மடித்து அடியுங்கள். வட்ட ஓரம் சுருங்கிக்கொண்டு வந்தால், மடிப்பதற்கு முன் ஓரத்தில் பெரிய தையலாக ஒரு ஓட்டு ஓட்டி, நூலை லேசாக இழுத்துக்கொண்டால் படிந்துவிடும்.

தைப்பது ஒருநாள் வேலை. அப்புறம் தினமும் துவைப்பதில்தான் துணியின் ஆயுள் இருக்கிறது. மாவு ஒட்டின துணியைச் சுடுதண்ணீரில் போட்டால் மாவு வெந்து நூலில் இறுகிவிடும், பிறகு பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம், கிழிகிறது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மாவு போன பிறகு கொதிக்கவிடுங்கள்.

பிடிதுணி ஓரத்துக்குக் கிராஸ் பட்டி வைத்தால் நான்கு மூலையிலும் குண்டுகுண்டாக வருகிறது. எவ்வளவு பழகியும் வரவில்லை.

மூலையே வேண்டாம். ஒரு சில்வர் டம்ளரை மூலையில் கவிழ்த்து சாக்பீஸால் வளைவு போட்டு வெட்டிவிடுங்கள். கிராஸாக, அதாவது துணியின் 45 டிகிரியில் வெட்டின பட்டி வளைவில் தானாகத் திரும்பும். நேர் நூலில் வெட்டின பட்டி திரும்பாது, அதையும் ஒருமுறை பாருங்கள். தடித்த பிடிதுணிக்குப் பட்டி அகலம் இரண்டரை அங்குலம் வையுங்கள். கூர் மூலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்குத் தனியாக எழுத வேண்டும், படம் இல்லாமல் புரியாது.

மிக்சி கவர் தைக்க அளவு எப்படி எடுப்பது? நான் தைத்தது மாட்டவே மாட்டேன் என்கிறது.

மிக்சியின் அளவையே துணிக்கும் வைத்திருப்பீர்கள். ஜாரைக் கழற்றிவிட்டு, முன்பக்க அகலம், பக்கவாட்டு ஆழம், உயரம் மூன்றும் எடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு துண்டுகள்: அகலத்தோடு 2 அங்குலம், உயரத்தோடு 2 அங்குலம். ஒரு பக்கம் ஏறி, மேலே போய், மறுபக்கம் இறங்க ஒரே நீளப் பட்டி: ஆழத்தோடு 2 அங்குலம் அகலம், இரண்டு உயரம், ஒரு அகலம், அதோடு 4 அங்குலம் நீளம். கூட்டினதில் ஒரு அங்குலம் தளர்ச்சிக்கு, மிச்சம் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும். அகலம் 10, ஆழம் 9, உயரம் 9 என்றால் 12க்கு 11 இரண்டு துண்டு, 11க்கு 32 ஒரு பட்டி. 36 அங்குல அகலத் துணி முக்கால் மீட்டர் போதும். மூலை வரும் இடத்தில் பட்டியில் மட்டும் சின்ன வெட்டு கொடுங்கள், திரும்பிக்கொள்ளும். அரைத்து முடித்து மிக்சி ஆறின பிறகு மூடுங்கள்.

கேஸ் சிலிண்டருக்கும் டியூபுக்கும் பொருத்தமான பூப்போட்ட கவர் செட் தைத்துத் தருவீர்களா?

மாட்டேன். டியூபில் வெடிப்பு விட்டாலும் எலி கடித்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சிலிண்டர் அப்படித்தான் இருக்கும், இருக்கட்டும்.

நான் ஆண், சென்னையில் தனியாக இருக்கிறேன். மெஷின் இல்லை. கையாலேயே ஏதாவது தைக்க முடியுமா?

ஏன் முடியாது தம்பி? பிடிதுணி தைக்கலாம். தலையணை உறை ஒன்று, டவல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டவலை எட்டு அங்குலச் சதுரமாக இரண்டு வெட்டி, உறைத் துணியை ஒன்பது அங்குலச் சதுரமாக இரண்டு வெட்டி, டவலை நடுவில் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள். ஊசியை ஒரு தையல் முன்னால் எடுத்து, முந்தின தையல் முடிந்த இடத்திலேயே பின்னால் குத்துவதுதான் பின்தையல். மேலும் கீழுமாக நேராக ஓடும் ஓட்டுத் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையே உருவிக்கொள்ளும், இதில் அந்தப் பயம் இல்லை. நடுவில் மட்டும் ஓட்டுத் தையலாக நான்கைந்து கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரிய கண் உள்ள ஊசி வாங்குங்கள், நூல் கோர்ப்பதிலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பயறு முளைகட்டும் பையில் நூல் பிசிறு பயறோடு கலந்துவிடுகிறது. ஓரத்துப் பிசிறை அடைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லை.

ஓவர்லாக் இருந்தாலும் இதற்குப் போட மாட்டேன், அதன் நூலிலேயே முளை சிக்கும். பிரெஞ்சுத் தையல் போடுங்கள். வழக்கத்துக்கு மாறாக, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் அங்குலத்தில் முதல் தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்குங்கள். பையைத் திருப்பி, ஓரத்தை நகத்தால் நீவி, மறுபடி கால் அங்குலத்தில் அடியுங்கள். பிசிறு இரண்டு தையலுக்கு நடுவில் அடைபட்டுவிடும். பிறகு நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொள்ளுங்கள். மல் துணி, எட்டுக்குப் பத்து அங்குலம், மேலே நாடா. கால் கிலோ பயறுக்கு மேல் போடாதீர்கள், முளைத்ததும் பல மடங்காகும்.

ஆசையாக வெள்ளை ஏப்ரன் தைத்தேன். மஞ்சள் கறை. சோப்பு போட்டால் சிவப்பாகிவிட்டது!

சோப்பில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது போல. பயப்பட வேண்டாம். நன்றாக அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் கறை மேலே இருக்கும்படி காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது, இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். அடுத்த ஏப்ரனை மட்டும் அடர் நிறக் கட்டம் போட்ட துணியில் தையுங்கள்.

கை துடைக்கத் தைத்த துண்டு தண்ணீரையே உறிஞ்சவில்லை.

புதுத் துணியின் கஞ்சி போகவில்லை, இல்லையென்றால் வாசனைக்கு ஊற்றும் துணி மென்மையாக்கி. அது நூல் மேல் வழவழப்பாகப் படிந்து தண்ணீரைத் தள்ளும். வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள், அதை ஊற்றுவதை நிறுத்துங்கள்.

நான் ஆறு பிடிதுணி தைத்துக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். என் மாமியார் அதைத் தொடுவதில்லை. அந்தப் பழைய வேட்டிக் கிழிசலைத்தான் தேடி எடுக்கிறார். என்ன செய்வது?

அந்தக் கிழிசலைத் துவைத்து, உள்ளே வைத்து, ஏழாவதைத் தையுங்கள். கொக்கியில் மாட்டாதீர்கள். அவர் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே, அடுப்புக்கு வலது பக்கமோ எங்கேயோ, மடித்து வையுங்கள்.