கை கழுவத் தண்ணீர் போதாதா, சோப்பு எதற்கு?

கை கழுவுவது என்றால் கையை நனைப்பது அல்ல. தோலில் ஒட்டிய கிருமியை அது வாய்க்குப் போகுமுன் கழற்றிவிடுவது. வயிற்றுப்போக்கு பல நேரம் கையிலிருந்து வாய்க்குப் போகும் கிருமியால்தான் பரவுகிறது. கிருமி தோலின் எண்ணெய்ப்பசையில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை நறுக்கிய கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்கும் போகாது, வாடையும் போகாது. சோப்பின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் அழுக்கைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நகக்கண், விரலிடுக்கு உட்பட 20 விநாடி தேய்க்க வேண்டும்.

தெருக்குழாயடியில் சோப்பு காணாமல் போகிறதா? பழைய மீன்வலைத் துண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். அறிவிப்புப் பலகையைவிட அது நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

‘கிருமிநாசினி சோப்புதான் வேண்டும்’ என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்குச் சாதாரணச் சோப்பே போதும்.