பதின்வயதுப் பிள்ளைகள்: நீங்கள் கேட்டவை, பள்ளி ஆலோசகர் பதில்கள்

கே: மகளுக்கு 14 வயசு. தினமும் ராத்திரி அவள் போனை எடுத்துப் பார்க்கிறேன். தப்பா?

ப: தப்போ சரியோ, பலன் குறைவு. சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து, ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் 2000-இல் எழுதினார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு துருவி எடுத்ததல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. அப்படிச் சொல்லும் பிள்ளைகளிடம் வம்புதும்பும் குறைவாக இருந்தது. ரகசியமாக இன்னொரு கணக்கு திறக்க உங்கள் மகளுக்கு இரண்டு நிமிஷம் போதும். போன தடவை அவள் ஏதோ சொல்ல வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், கத்தினீர்களா? யாராவது அவளை மிரட்டுவதாகச் சந்தேகம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். அவளிடம் சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே.

கே: பத்தாவது படிக்கிற பையன் சட்டைப்பையில் புகையிலைப் பொட்டலம். அவங்க அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார். மறைச்சிடவா?

ப: வேண்டாம்மா. முதலில் அவனிடம் "எத்தனை நாளா, யார் கொடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அப்பாவைத் தனியே பிடித்து, கை நீட்டமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு மூவரும் உட்காருங்கள். அடி விழுந்தால் அவன் பழக்கத்தை விடமாட்டான். பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைப்பதைத்தான் விடுவான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கிற கடை என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது குற்றம்.

கே: "எல்லார் வீட்லயும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வெளியே விடறாங்க" என்கிறான் மகன்.

ப: அந்த வீடுகளுக்கு ஒரு போன் போடுங்கள். அங்கே உங்கள் வீட்டைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருப்பார்கள்! ஐஸ்லாந்தில் பெற்றோர்கள் கூடி இதற்கு எழுத்தில் உடன்பாடே செய்துகொண்டார்கள். கணக்கெடுப்புக்கு முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்ன 15-16 வயதினர் அங்கே 1998-இல் 42 சதவீதம், 2016-இல் 5. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்ததற்கும் அதில் பங்குண்டு.

கே: துபாயில் இருக்கிறேன். வீடியோ காலில் மகன் "ம்" மட்டும்தான்.

ப: மார்க்கைக் கேட்காமல் ஒரு மாதம் பேசிப் பாருங்கள் சார்.

கே: எனக்கு 16. அப்பா அம்மா சண்டை போட்டா ரெண்டு பேரும் என்கிட்டதான் வந்து புலம்பறாங்க. படிக்கவே முடியல.

ப: அந்தப் பஞ்சாயத்து உன் வேலை இல்லை, கண்ணு. "எனக்கு ரெண்டு பேருமே வேணும், இதை என்கிட்ட சொல்லாதீங்க" என்று சண்டை இல்லாத நாளில் சொல்லிப் பார். வாய் வரவில்லையா? சித்தியோ மாமாவோ, அவர்கள் பேச்சுக்கு மரியாதை கொடுக்கிற யாரையாவது சொல்லச் சொல். தூக்கமே போய்விட்டது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் அடிதடி என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.